ஒரு கல்யாண அல்பத்தின் கதை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கும் பலகாரங்களைப் பார்த்தபோது அதைப் பேசியிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இன்று என் பொழுதுபோக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எனக்குப் படம் எடுக்கப் பிடிக்கும். மலை, மூடுபனி, கொழுந்துக்கூடை என்று எடுத்துக்கொண்டிருந்தவள் வாழ்க்கையில் ஒரே ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்திருக்கிறேன். மணமக்களில் ஒருவர் இந்தப் பாடசாலையின் பழைய மாணவி. மற்றவரும் ஒரு பெண்.

மண்டபம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. பரவாயில்லை. தொடர்ந்து கேளுங்கள்.

அவரை நான் இங்கே ‘அக்கா’ என்றே சொல்கிறேன். விடுதியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். கணக்குப் பாடத்தில் நான் தேறியதற்கு அவர்தான் காரணம். லயத்திலிருந்து வந்தவர், என்னைப் போலவே. படித்து முடித்துக் கொழும்பில் சில காலம் வேலை பார்த்தார். பிறகு சேமித்த பணத்தில் வெலிமடைப் பக்கத்தில் கொஞ்சம் காணி வாங்கினார். எந்த ஊர் என்பதை இதற்கு மேல் சொல்ல மாட்டேன். உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி, லீக்ஸ், நாலைந்து பசுமாடு. அவரோடு சேர்ந்து அந்தக் காணியைப் பண்படுத்தியவர் ஒரு சிங்களப் பெண். அவரைவிட ஐந்து வயது இளையவர். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே அடுத்த போகத்தில் என்ன நடலாம் என்று சொல்லிவிடுவார். அக்கா அவரை ‘நங்கி’ என்று கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கை என்று பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. கீழே கடைச் சந்தியில் கேட்டால் ‘அக்கா நங்கி தோட்டம்’ என்று வழி சொல்வார்கள். அந்த இரண்டு சொற்களின் நிழலில் இருவரும் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

ஒரு நாள் அந்த நிழல் போதாமல் போனது.

கிழங்கு ஏற்றிக்கொண்டு போன சிறிய லொறி மழையில் சறுக்கியது. நங்கிக்குத் தலையில் அடி, நினைவில்லை. வைத்தியசாலையில் உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்ட கேள்வி, ‘நீங்க அவங்களுக்கு என்ன உறவு?’ அக்கா ‘சகோதரி’ என்றார். பெயரைப் பார்த்தார்கள். ஒருவர் தமிழ்ப் பெயர், மற்றவர் சிங்களப் பெயர். வரவேண்டிய ஆள் நீங்கள் இல்லை என்று சொல்லி, தொலைபேசியில் அண்ணனைத் தேடினார்கள். அந்த அண்ணன் நாலு வருடமாக நங்கியோடு பேசுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு அக்கா எனக்கு அழைத்தார். ‘என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்கடி’ என்ற ஒரு வசனத்துக்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அந்தத் தாதியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ‘நீங்க யாரு?’ என்ற கேள்வியை என் வார்டு வாசலில் நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ‘நண்பர்’ என்று சொன்னவர்களை வாங்கில் உட்கார வைத்துவிட்டு உறவினரைத் தேடியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் அக்காவைப் போன்றவர்கள் என்று அந்த இரவுக்குப் பிறகுதான் யோசித்தேன்.

நங்கி பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பி மூன்று மாதம் கழித்து, அடுப்படியில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: ‘நாங்க கல்யாணம் கட்டிக்கப் போறோம். நீதான் படம் எடுக்கணும்.’

வைத்தியர் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தன்பாலினத்தாரின் விருப்பம் நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து அதை நீக்கியது 1990 மே 17ஆம் திகதி. அப்போது நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இன்றும் தாய்மார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ‘இதுக்கு மருந்து இருக்கா டொக்டர்?’ என்று கேட்கிறார்கள். மருந்து இல்லை, ஏனென்றால் வியாதி இல்லை. நான் கூடுதல் நேரம் பேசுவது தாயோடுதான்.

சட்டம் வேறு கதை. 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. ஆண்களை மட்டும் குறித்த 365அ, 1995இல் செய்த திருத்தத்தால் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை நிறுவிய ரொசானா பிளேமர்-கல்தேரா இதை ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழுவிடம் கொண்டுபோனார். இந்தச் சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று 2022இல் அந்தக் குழு முடிவு செய்தது. அடுத்த ஆண்டு, இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று எங்கள் உயர் நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் சட்டமூலம் சட்டமாகவில்லை. இரண்டு பெண்கள் மாலை மாற்றிக்கொள்வது குற்றம் என்று எந்தப் பிரிவிலும் எழுதியில்லை. அதைப் பதிவு செய்யத்தான் எந்தப் புத்தகத்திலும் இடமில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கைத்தொலைபேசியில் ஒரு படம் வைத்திருந்தார். 2022 ஆகஸ்ட் 31இல் சென்னையில் நடந்த கல்யாணம். கனடாவின் கல்கரியில் வாழும் தமிழ்ப் பெண் சுபிக்‌ஷா சுப்பிரமணியும், பங்களாதேஷைச் சேர்ந்த டீனா தாஸும் பெற்றோர் முன்னிலையில், தமிழ்ச் சடங்குகளோடு மணம் செய்துகொண்டார்கள். இந்தியாவிலும் அதற்குச் சட்ட ஏற்பு இல்லை. ஆனாலும் படங்கள் உலகம் முழுக்கப் போயின. தகப்பன்மார் மடியில் இருந்து மாலை மாற்றிய மணமகள்மாரை அக்கா எத்தனை தடவை பார்த்திருப்பாரோ தெரியாது. ‘அவங்களுக்குத் திரும்பிப் போக கனடா இருக்கு. எங்களுக்குத் திரும்பிப் போக கிழங்குத் தோட்டந்தான்’ என்றார் சிரித்துக்கொண்டே.

அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. படம் ஒரு சாட்சி. சாட்சி இரண்டு பக்கமும் வெட்டும். 1987இல் மத்தியப் பிரதேசத்தில் லீலா, ஊர்மிளா என்ற இரண்டு பெண் பொலிஸார் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் படம் பத்திரிகைகளில் வந்தது. இருவருக்கும் வேலை போனது. கமராவைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு வந்தது.

ஆகவே மூவரும் உட்கார்ந்து விதிகள் எழுதினோம். வருகிறவர்களின் தொலைபேசிகள் எல்லாம் வாசலில் ஒரு சுளகில். படத்தில் வரச் சம்மதமானவர்கள் மட்டும் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வார்கள். நூல் இல்லாதவரின் முகம் படத்தில் விழக்கூடாது. படங்களை இணையத்தில் ஏற்றுவதில்லை. பதுளையில் எந்த ஸ்டூடியோவிலும் கழுவக் கொடுப்பதில்லை. நானே ஒரு சின்ன அச்சுப்பொறி வாங்கி என் வீட்டில் அச்சிடுவேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் விடியற்காலை ஐந்தரைக்கே போய்ச் சேர்ந்தேன். தோட்டத்தை மூடுபனி மூடியிருந்தது. பனியில் கமரா ஏமாந்துபோகும். எங்கும் வெள்ளையாகத் தெரிவதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். நாம்தான் ஒரு படி கூட வெளிச்சம் விட வேண்டும். முதல் படம், பால் கறந்துகொண்டிருந்த நங்கியின் முதுகு. கல்யாண நாளென்று மாடு காத்திருக்காது அல்லவா?

பந்தல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிழங்கு காயவைக்கும் கொட்டகையைக் கழுவி, சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். வாசலில் இரண்டு வாழை. மாலைகள் தோட்டத்துச் செவ்வந்தியில் கட்டியவை. அக்கா பிறந்த லயத்திலிருந்து நாலு பெண்கள் முதல் நாளே வந்து கட்டினார்கள். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். இருபத்தொன்பது பேர் நூல் கட்டினார்கள். கட்டாத பதினாலு பேரில் அரசாங்க உத்தியோகத்தர் இருந்தார்கள், நம் பாடசாலைப் பழைய மாணவிகள் இருவரும் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வந்தார்களே, அது பெரிது.

அந்தப் பதினாலு பேரால்தான் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். முகத்தைத் தவிர்க்க வேண்டியிருந்ததால் கைகளைப் பார்த்தேன். மாலை கட்டும் கை, ரொட்டி தட்டும் கை, கட்டைச் சம்பல் இடிக்கும் கை. கதவோரம் கழற்றி வைத்திருந்த செருப்புகள். மண் படிந்த இரண்டு ஜோடிச் சப்பாத்துகள் மட்டும் தனியாக. அவை யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐயரும் இல்லை, பிக்குவும் இல்லை. அக்காவின் அம்மா குத்துவிளக்கை ஏற்றினார். மாலை மாற்றினார்கள். பிறகு நங்கியின் ஆட்களுடைய வழக்கப்படி இருவரின் சுண்டுவிரலையும் நூலால் கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். பொன் நூலுக்குப் பதில் அதே மஞ்சள் நூல். தண்ணீர் தோட்டத்துப் பீலியில் பிடித்தது. ஊற்றியவர் அக்காவின் தாய்மாமா. அவர் அந்தக் காலத்தில் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். தப்பும் அவர்தான் கொண்டுவந்தார். யாரோ மெதுவாக ‘இது நம்ம வழக்கமா மாமா?’ என்று கேட்டார்கள். ‘என்னையப் பொம்பளையாக்கி வருசா வருசம் காமனுக்குக் கட்டி வச்சீங்க. விடிய விடிய இருந்து பாத்தீங்க. அன்னைக்கு ஒரு பய வழக்கம் கேக்கலையே’ என்றார் மாமா. கொட்டகையே சிரித்தது. கை நடுங்கி அந்தப் படம் மங்கலாக விழுந்துவிட்டது. அல்பத்தில் அதையும் வைத்திருக்கிறோம்.

நங்கியின் பெற்றோர் வரவில்லை. பத்து மணியளவில் அண்ணன் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியே நின்று ஒரு பை கொக்கிஸ், பலகாரம் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னோம். ‘இன்னொரு நாளைக்கு’ என்றார். அவரிடம் மஞ்சள் நூல் இல்லை. கமராவைக் கீழே இறக்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில்தான் நான் மறக்காத ஒன்று நடந்தது. நங்கி வழக்கம்போலப் பரிமாற வாளியைத் தூக்கினார். அக்காவின் அம்மா, எழுபது வயது, நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், அந்த வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: ‘மருமவ இன்னைக்கு வேலை செய்யக்கூடாது. ஒக்காந்து சாப்பிடு.’

மருமகள். பதினொரு வருடம் அக்கா நங்கி என்று ஒளித்துவைத்த உறவுக்கு அம்மா ஒரு சொல்லில் பெயர் வைத்துவிட்டார். வைத்தியசாலைப் பத்திரத்தில் எழுத முடியாத சொல் அது. நங்கிக்குத் தமிழ் அவ்வளவு வராது. அந்தச் சொல் தெரிந்திருந்தது.

சாப்பிட்ட பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ‘இன்ன திகதி, இன்ன இடத்தில், எங்கள் முன்னிலையில்’ என்று மூன்று மொழியிலும் அக்கா எழுதியிருந்தார். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. மதிப்புள்ளதை அவர்கள் இரண்டு வாரம் முன்பே செய்திருந்தார்கள். நொத்தாரிசிடம் போய், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மரணசாசனம் எழுதிவிட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் மற்றவருக்கு இந்த நாட்டுச் சட்டம் தானாகவே பங்கு கொடுக்கிறது. இவர்களுக்கு அப்படி எதுவும் தானாக வராது. ஒவ்வொன்றாகத் தேடிப்போய் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து படங்களை அச்சிட்டபோது எனக்கு என் அப்பாயி நினைவு வந்தது. அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. லயமே கூடிச் சாப்பிட்டது. பதிவு இல்லை. அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள்? 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அஞ்சேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்போதுதான் யாருக்கு யார் புருஷன், யாருக்கு யார் பிள்ளை என்று காகிதத்தில் காட்டச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அப்பாயியும் தாத்தாவும் சேர்ந்து இருக்கும் ஒரே படம் அந்த விண்ணப்பத்துக்காக எடுத்ததுதான். இருவரும் குற்றவாளிகள் மாதிரி நேரே பார்க்கிறார்கள். கல்யாணப் படம் இல்லை. ஆனால் எங்களுக்கு அதுதான் கல்யாணப் படம்.

பதிவு இல்லாததால் அவர்கள் கணவன் மனைவி இல்லையா? ஊரறிய வாழ்ந்தார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது. அப்படி வாழ்ந்தவர்களைத் தம்பதிகள் என்று கொள்ள நம் நீதிமன்றங்களிலும் இடமுண்டு. கல்யாணத்தைக் கல்யாணமாக்குவது சாட்சி என்பது தோட்டத்து மக்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. அக்காவுக்கும் சாட்சி இருக்கிறது. நாற்பத்து மூன்று கையெழுத்து, அறுபத்தெட்டுப் படங்கள். ஒரே வேறுபாடு, அவர் அந்தச் சாட்சியை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. அல்பம் இரண்டு பிரதி. ஒன்று அவர்கள் அலுமாரியில், மற்றது என் வீட்டில் பூட்டி.

உலகம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கனடாவில் 2005இலும், இங்கிலாந்தில் 2014இலும், அவுஸ்திரேலியாவில் 2017இலும் இத்தகைய திருமணங்களுக்குச் சட்டம் வழிவிட்டது. நேபாளத்தில் 2023 நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் ஒரு தம்பதியைப் பதிவு செய்தார்கள். தாய்லாந்தில் 2025 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் உங்களில் சிலர் இப்படியொரு கல்யாணத்தில் விருந்து சாப்பிட்டிருப்பீர்கள். ஊருக்கு வந்ததும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பீர்கள்.

நான் அரசாங்கத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம் சங்கத்திடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டிதழிலும் மணவாழ்த்துப் பக்கம் போடுகிறோம். அக்கா ஆயுட்கால உறுப்பினர். ‘உங்க பெயரை ஏன் அனுப்பல?’ என்று கேட்டேன். ‘செயலாளருக்கு ஏன் சங்கடம்?’ என்றார். இன்றைய நிலையில் அவர் பெயரை அச்சிடுங்கள் என்று நானும் கேட்க மாட்டேன். அது அவரை ஆபத்தில் தள்ளும்.

நான் கேட்பது நமது உறுப்புரிமைப் படிவத்தின் ஒரு வரியை. ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்று அதில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, ‘அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர்’ என்று போடுங்கள். உறவுமுறை கேட்க வேண்டாம். விதவைகளுக்கும், தனித்து வாழ்பவர்களுக்கும், தோழியோடு ஒரே வீட்டில் முதுமையைக் கழிக்கும் நம் ஆசிரியைகளுக்கும் அந்த வரி உதவும். நாளைக்கு அக்காவுக்கு ஒன்று நடந்தால் நம் சங்கத்தின் அனுதாபக் கடிதம் சரியான வீட்டுக்குப் போகும், சரியான ஆளின் பெயருக்குப் போகும். அவரை நாமாவது வாசலில் நிறுத்தாமல் இருப்போம்.

இந்த உரையை அக்கா முன்கூட்டியே வாசித்தார். இரண்டு இடங்களை வெட்டினார். ஒரு வசனம் சேர்க்கச் சொன்னார். அதைச் சொல்லி முடிக்கிறேன்: ‘இந்த வருசம் கிழங்கு நல்லா விளைஞ்சிருக்கு. வெலிமடைப் பக்கம் வாற பழைய மாணவிகள் யாராயிருந்தாலும் சாப்பிட்டுட்டுப் போகணும்.’

வழி தெரிய வேண்டியவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள்.